மலைக் குளிரில் அடுப்படிக் காயம்: என்ன தெரிகிறது, என்ன செய்வது

கேரட் நறுக்கும்போது கத்தி விரலில் இறங்கியது, பலகையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மார்கழி, தை மாதக் காலைகளில் இது வழக்கமான சங்கதி. விறைத்த விரலுக்கு வலி தாமதமாகத்தான் வரும். சுட்டுக்கொண்டால் கதையே வேறு: குழாயைத் திறந்தால் தண்ணீர் ஊசியாய்க் குத்துகிறது, இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறோம். சமவெளியில் வலியைப் பார்த்துக் காயத்தை ஓரளவு எடை போடலாம். மலையில் அந்தக் கணக்கு தப்பும். இங்கே கடிகாரத்தையும் கண்ணையும் நம்ப வேண்டும். கீழே ஒவ்வொரு தலைப்பும் கண்ணில் படும் அறிகுறி. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போங்கள்.

கொதிநீர், டீ, எண்ணெய் பட்டது. தோல் சிவந்து எரிகிறது

அடுப்பை அணைத்துவிட்டு, முதலில் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். மலையில் பலரும் தவறவிடும் படி இதுதான். கம்பளி நூல் கொதிநீரைக் குடித்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிச் சுட்டுக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போகாது. துணி தோலோடு ஒட்டிவிட்டிருந்தால் மட்டும் இழுக்காமல், சுற்றிலும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டிய துண்டை அப்படியே விடுங்கள். அடுத்து வளையல், மோதிரம், கைக்கடிகாரம். அரை மணி நேரத்தில் வீக்கம் வந்துவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு ஓடும் தண்ணீர், முழுதாக 20 நிமிடம். சூடு மேல்தோலோடு நிற்பதில்லை, அடியில் தங்கி இன்னும் கொஞ்ச நேரம் திசுவை வேகவைக்கும். அதை வெளியே இழுக்கத்தான் இத்தனை நேரம். காயம் பட்டவுடனே முடியவில்லை என்றால் மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. வழியில் தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி? 15 டிகிரி அளவு நல்லது. உறைபனி விழும் நாட்களில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடலாம். அப்போது ஒரு வாளியில் பிடித்து, கெட்டிலில் இருக்கும் வெந்நீரைக் கொஞ்சம் கலந்து, விரல் விட்டால் 'சில்' என்று இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது என்ற பதத்துக்குக் கொண்டுவந்து சொம்பால் ஊற்றுங்கள். சுட்ட இடம் மட்டும் நனையட்டும். உடம்பின் மற்ற பகுதிக்குச் சால்வையோ கம்பளியோ போர்த்துங்கள். சிறு குழந்தை நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டுத் துவட்டிச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உடம்புச் சூடு இறங்குவது காயத்தைவிட ஆபத்து. ஐஸ் கட்டியை வைக்கவே கூடாது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, வெந்த தோலுக்கு வரும் கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும்.

குழாயில் தண்ணீர் வராத நாளா? மெல்லிய ஓட்டமாக நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றினால் 20 நிமிடத்துக்கு 30 லிட்டர், அதாவது இரண்டு குடம். அதுவும் இல்லையென்றால் அகலமான பாத்திரத்தில் கையை முக்கி வைத்து, தண்ணீர் சூடேற ஏற மாற்றுங்கள்.

மேலே எதையும் பூச வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய் எல்லாம் சூட்டை உள்ளே அடைத்துவைக்கும். மருத்துவமனையில் தேய்த்துக் கழுவும்போது கூடுதல் வேதனை. இந்த மலைகளில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: நீலகிரித் தைலம். சளிக்கு முகர்வது சரி. வெந்த தோலிலும் வெட்டுக் காயத்திலும் அது எரிச்சலூட்டும் பொருள், அடுப்புப் பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருளும்கூட. புட்டியைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

ஆற்றிய பிறகு மூடுவது. கிளிங் ஃபிலிமை (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றிக் கட்டாமல், நீளவாக்கில் மேலே படரவிடுவது நல்ல முறை. ஆனால் 2019 ஜனவரி முதல் தமிழகம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, நீலகிரியில் அதற்கும் முந்தியே கெடுபிடி. அவசரத்துக்குத் தேடினால் கிடைப்பது சந்தேகம். மெடிக்கல் ஷாப்பில் பாரஃபின் காஸ் என்று கேளுங்கள். மெழுகு ஏறிய வலைத்துணி, 10 செ.மீ. சதுரமாக உறையில் வரும், காயத்தில் ஒட்டாது. நான்கைந்து வாங்கி வைத்தால் வருஷம் ஓடும். அதுவும் இல்லாதபோது துவைத்து இஸ்திரி போட்ட பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். பஞ்சு மட்டும் வேண்டாம், இழை இழையாக ஒட்டும்.

வலிக்குப் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு 500 மி.கி. முதல் 1 கிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி., 10 கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 150 மி.கி.

ஒன்று சொல்லிவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். 'மலைக் கொதிநீர் அவ்வளவு சுடாது' என்று சிலர் அலட்சியம் காட்டுவது இதனால்தான். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும்.

கொப்புளம் வந்துவிட்டது

உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது கெட்ட நீர் இல்லை. மேலே இருக்கும் தோல்தான் இலவசக் கட்டு. தானாக உடைந்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, தொங்கும் தோலைப் பிய்க்காமல் பாரஃபின் காஸ் வைத்து, மேலே உலர்ந்த காஸ் துணி போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒன்று இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மழைமாதத்தில் கட்டு ஈரமாகவே கிடந்தால் அன்றன்றே மாற்றுங்கள்.

எப்போது மருத்துவமனை? காயம் பட்டவரின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் அதைவிடப் பெரிதென்றால் போக வேண்டும். முகம், உள்ளங்கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் சிறிதானாலும் போக வேண்டும். சிறு குழந்தை, முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றாலும் அப்படியே. வெள்ளை நிற சில்வர் சல்ஃபாடையஸின் களிம்பு பல வீட்டு டப்பாவில் இருக்கிறது. அதை அப்பிக்கொண்டு போனால் அடியில் தோல் எந்த நிறம் என்று மருத்துவருக்குத் தெரியாது. காட்டிய பிறகு அவர் சொன்னால் போடலாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

வலியே இல்லை, தோல் வெளுத்து மெழுகு போல இருக்கிறது

நல்ல அறிகுறி என்று நினைத்து ஏமாறும் இடம் இது. வலி இல்லையென்றால் நரம்பு நுனிகளும் வெந்துவிட்டன. வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருகியோ, தொட்டால் செருப்புத் தோல் போல விறைப்பாகவோ இருந்தால் ஆழக் காயம். ஐந்து ரூபாய்க் காசு அளவு என்றாலும் மருத்துவமனைதான். ஆற்றுவதற்கான 20 நிமிடம் இதற்கும் உண்டு.

இதன் மெதுவான வடிவம் சுடுதண்ணீர்ப் பை. ராத்திரி காலடியில் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் கணுக்காலில் சிவப்புத் தட்டு. மிதமான சூடுதான், ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இது மேலே தெரிவதைவிட ஆழமாக இருக்கும், அன்றைக்கே காட்ட வேண்டும். பைக்கு உறை போட்டு, படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் படுக்கும்போது எடுத்துவிடுவதே முறை.

பாகு ஒட்டிக்கொண்டது

வெல்லப்பாகும் சீனிப்பாகும் கொதிநீரைவிடச் சூடு, அதோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலோடு வரும். அப்படியே குழாயடியில் நீட்டுங்கள். பாகு இறுகி, பிறகு தண்ணீரிலேயே கரைந்து போகும். உருக்கிய சாக்லேட் இவ்வளவு சூடாவதில்லை, ஆனால் சிகிச்சை அதேதான்.

குக்கர் ஆவி அடித்தது

இந்த உயரத்தில் பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது, எல்லாமே குக்கர்தான். உள்ளே 115 டிகிரிக்கு மேல் இருக்கும். கையில் ஆவி அடித்தால் முதல் பிரிவில் சொன்னதே. முகத்தில் என்றால் ஈரத்துணியை மேலே போட்டு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, 20 நிமிடம். படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள். குரல் கரகரத்தாலோ இருமல், மூச்சுத் திணறல் வந்தாலோ 108. தொண்டை வீங்கத் தொடங்கியிருக்கலாம், அதற்குக் காத்திருந்து பார்க்கும் அவகாசம் கிடையாது.

வாட்டர் ஹீட்டர் ராடு ஷாக் அடித்தது

வாளியில் ராடு போட்டு வெந்நீர் வைக்காத வீடு மலையில் குறைவு. ஆளைத் தொடுவதற்கு முன் மெயினை அணையுங்கள். பிறகு பாருங்கள்: விரலில் மிளகளவு கருத்த புள்ளி மட்டும் தெரியலாம். மின்சாரம் உள்ளே எந்த வழியாகப் போனது என்று தோல் சொல்லாது, இதயத் துடிப்பு பின்னால் தடுமாறலாம். எனவே புள்ளி சிறிதென்றாலும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

வெட்டுப்பட்டது, ரத்தம் நிற்கவில்லை

பெரும்பாலும் நிற்காததற்குக் காரணம், நின்றதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான். துணியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய ரத்தம் அதோடு பிய்ந்து வரும்.

சுத்தமான துணியை மடித்து வெட்டின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். கடிகாரம் பார்த்து 10 நிமிடம், நடுவில் எட்டிப் பார்க்காமல். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. பத்து நிமிடம் கழித்தும் கசிந்தால் இன்னொரு பத்து. அதற்கும் அடங்கவில்லை, அல்லது துடிப்போடு பீய்ச்சுகிறது என்றால் அழுத்தத்தை விடாமலே கிளம்புங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இயல்பாகவே நேரம் பிடிக்கும்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால் முதலில் ரத்தம் குறைவாகத் தெரியும். அடுப்பருகே வந்து கை சூடானதும் பெருகும். சின்னக் கீறல் என்று பிளாஸ்திரி ஒட்டியவர்கள் ஐந்து நிமிடத்தில் அது மிதப்பதைப் பார்ப்பது இதனால்தான்.

காபித்தூள், மஞ்சள்தூள், சீனி அப்புவது வேண்டாம். தாண்டிக்குடித் தோட்டத்துக் காபியே என்றாலும் தூள் உள்ளே தங்கிவிடும், தையல் போடுபவர் ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டும். ரத்தம் நின்றபின் ஓடும் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவுங்கள், சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு. அவ்வளவு போதும். டெட்டால் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் 1 பங்குக்கு 20 பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் நல்ல திசுவும் வேகும்.

வாய் பிளந்து நிற்கிறது, மஞ்சளாகக் கொழுப்பு தெரிகிறது, மூட்டின் மேல் குறுக்காக இருக்கிறது: இவை தையல் கேட்கும் வெட்டுகள். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. மன்னவனூர், கூக்கால் போன்ற ஊர்களில் இருந்து கொடைக்கானல் வர வேண்டியவர்கள் மதியமே முடிவெடுத்துவிடுங்கள். சாயங்காலம் பஸ்ஸும் குறையும், பனிமூட்டமும் இறங்கும்.

ரத்தம் நின்றது, விரல் மரத்திருக்கிறது அல்லது மடங்கவில்லை

குளிரால் மரத்ததா, நரம்பு அறுந்ததா? கையைச் சால்வைக்குள் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எல்லா விரலும் ஒன்றுபோல் மரத்திருந்து, ஒன்றுபோல் தெளிந்தால் குளிர். கண்ணை மூடிக்கொண்டு, மடித்த காகித நுனியால் வெட்டுப்பட்ட விரலின் இடப் பக்கம், வலப் பக்கம் என்று தனித்தனியாக வேறொருவர் தொடட்டும். வெட்டுக்கு அப்பால் ஒரு பக்கம் மட்டும் உணர்வு திரும்பவில்லை என்றால் நரம்பு.

அடுத்தது தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண். நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். பிறகு நீட்டச் சொல்லுங்கள். மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். மடங்கவில்லை என்றால் அன்றைக்கே கை அறுவை பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும். மடங்கினாலும் கடுமையாக வலித்தால் பாதி அறுந்திருக்கலாம், அதையும் சொல்லிக் காட்டுங்கள்.

கீழ்ப்பழனி மலைப் பக்கம் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) காலத்தில் இந்தக் காயம் அதிகம். பழத்தை உள்ளங்கையில் வைத்துக் கொட்டையைக் கத்தி முனையால் குத்தி எடுக்கும்போது, கத்தி வழுக்கிக் கைக்குள் இறங்கும். வெளியே அரை அங்குல வாய், உள்ளே நரம்பு. பழத்தைப் பலகையில் வையுங்கள், கொட்டையைக் கரண்டியால் எடுங்கள்.

விரல் நுனி சீவிப்போனது

பீலரில் கேரட்டோடு நுனித் தோலும் போகும். 1 செ.மீ.க்குக் குறைவு, எலும்பு தெரியவில்லை என்றால் தையல் தேவைப்படாது. 15 நிமிடம் அழுத்தி, கழுவி, பாரஃபின் காஸ் வைத்துக் கட்டினால் சில வாரங்களில் தானே மூடிவிடும். காய்ந்த காஸை நேரடியாக வைத்தால் மறுநாள் பிரிக்கும்போது மறுபடி முதலில் இருந்து. துண்டாகவே வெட்டுப்பட்டு விழுந்திருந்தால், அந்தத் துண்டை ஈரத்துணியில் சுற்றி, பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் துண்டு கெட்டுவிடும்.

வெட்டே இல்லை, தோல் எரிகிறது அல்லது உரிகிறது

மேரக்காய் (சௌசௌ) சீவிய கை இறுகிப் பசை பூசியது போல ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம், காயின் பால்தான். எண்ணெய் தடவிச் சோப்புப் போட்டால் வந்துவிடும். பயப்பட வேண்டியது வழுவழுப்பில் கத்தி நழுவுவதற்கு. அடுத்த முறை தண்ணீருக்குள் வைத்துத் தோல் சீவுங்கள்.

பச்சை மிளகாய் எரிச்சலுக்கு வெறும் தண்ணீர் உதவாது, அதன் காரம் எண்ணெயில்தான் கரையும். சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு.

பூண்டை நசுக்கி வைத்துக் கட்டிய இடம் கொப்புளித்திருந்தால், அது ரசாயனத் தீக்காயம்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு காரத்துக்குப் பேர்போனது. ரசத்துக்கு நல்லது, தோலுக்கு இல்லை. கழுவிவிட்டுத் தீக்காயம் போலவே கவனியுங்கள்.

குரங்கு கீறிவிட்டது

ஜன்னல் வழியாக வந்து வாழைப்பழத்தோடு கையையும் கீறிவிட்டுப் போனால், இதை அடுப்படிக் கீறலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் 15 நிமிடம். கட்டோ, சுண்ணாம்போ வேண்டாம். அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி. ரத்தம் வந்திருந்தால், உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்து. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே இந்த நோய்க்காகத்தான்.

டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட வேண்டுமா

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு, அது தேவையில்லை. சிறு வயதுத் தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டவருக்கு, சுத்தமான சின்ன வெட்டு என்றால் கடைசி ஊசி 10 ஆண்டுக்கு முன்பு இருந்தால்தான். மண், சாணி பட்ட காயம் என்றால் 5 ஆண்டு. தோட்டத்தில் பிடுங்கி மண்ணோடு வந்த உருளைக்கிழங்கை நறுக்கிய கத்தி இரண்டாவது வகை. கடைசி ஊசி எப்போது என்று நினைவே இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். தீக்காயத்துக்கும் இதே கேள்வி உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் சிவப்பு பரவுகிறது

முதல் இரண்டு நாள் விளிம்பில் கொஞ்சம் சிவப்பு சகஜம். சந்தேகமாக இருந்தால் சிவப்பின் எல்லையைப் பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால், சீழ் வந்தால், கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால், காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம். மலைத்தேன் தடவிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். மருத்துவமனையில் காயத்துக்குப் பயன்படும் தேன் கிருமி நீக்கியது. புட்டித் தேன் அப்படியல்ல. இரண்டு வாரமாகியும் தீக்காயம் மூடவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். தழும்பு தடிப்பது அப்படிப்பட்ட காயத்தில்தான்.

ஆறிய இடம் கறுக்கிறது, அரிக்கிறது

உயரம் 1,000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிர்கிறதே என்று மதிய வெயிலில் கையை நீட்டி உட்கார்ந்தால் புதுத் தோல் கறுக்கத்தான் செய்யும். சில மாதம் முழுக்கைச் சட்டையால் மூடி வையுங்கள். அரிப்புக்கு, காயம் முழுதாக மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் நல்லது, நாளுக்கு இரண்டு மூன்று முறை மெதுவாகத் தேய்க்கலாம். இங்கே எண்ணெய் பாதி வருஷம் புட்டியில் கட்டியாகத்தான் இருக்கும். உருக்கப் புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டி அப்படியே தடவினால், திரும்ப முதல் தலைப்புக்கு வர வேண்டியிருக்கும்.